உடனே விடையைச் சொல்லாதீர்கள்

விடுகதை, கணக்குப் புதிர், மூளைக்கு வேலை தரும் கேள்வி, இதையெல்லாம் நண்பர்களோடு பகிர்வதைப் பற்றி எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். கடலூர், புதுச்சேரி பக்கத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம். நான் பிறந்து வளர்ந்தது கடலூர் முதுநகரில், இப்போது இருப்பது லாஸ்பேட்டையில். அதனால் ஒவ்வொரு கடிதத்தையும் பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற மாதிரிதான் படித்தேன். சரி, கேள்விகளுக்குப் போகலாம்.

*

கேள்வி: பள்ளியில் ஒன்றாகப் படித்த 23 பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறோம். தினமும் காலையில் நான் ஒரு புதிர் போடுவேன். இப்போதெல்லாம் போட்ட இரண்டாவது நிமிடமே ஒரு நண்பன் ஏஐயிடம் கேட்டு விடையை அப்படியே ஒட்டிவிடுகிறான். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. புதிர் போடுவதையே நிறுத்திவிடலாமா?
(மஞ்சக்குப்பம் வாசகர்)

நிறுத்தவே நிறுத்தாதீர்கள். உங்கள் குழுவில் மீதி 21 பேர் இருக்கிறார்கள், அதில் நாலு பேராவது காபியைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் புதிரை யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள், அவர்கள் கையிலிருந்து பிடுங்கிய மாதிரி ஆகிவிட்டது, அதுதான் எனக்கு வருத்தம்.

நாங்கள் ஐந்து பேர் ஞாயிறு மாலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் உட்காருவோம். பல வருடப் பழக்கம். எங்களுக்குள் ஒரே ஒரு கட்டுப்பாடு: விடை தெரிந்துவிட்டால் வாயைத் திறக்கக் கூடாது, கேள்வி கேட்டவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஒரு நாணயப் புதிர். 12 நாணயங்கள், ஒன்று மட்டும் எடையில் வித்தியாசம், அது கூடவா குறையவா என்று தெரியாது, தராசில் மூன்றே முறை நிறுத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாலு பேர் அன்றைக்கோ மறுநாளோ முடித்துவிட்டோம். ஐந்தாவது நண்பருக்கு மூன்று வாரம் ஆனது. மூன்று வாரமும் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்தரை மணிக்குப் போன் அடித்து, "கிடைச்சிடுச்சுப்பா, முதல்ல நாலுக்கு நாலு வைக்கணும்" என்றார். அந்தக் குரலை நான் இன்னும் மறக்கவில்லை. முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் அந்த விடிகாலை அவருக்குக் கிடைத்திருக்காது.

உங்கள் குழுவில் இப்படிச் செய்து பாருங்கள். விடையை உங்களுக்குத் தனியாக அனுப்பச் சொல்லுங்கள், குழுவில் "கிடைத்துவிட்டது" என்று மட்டும் போடட்டும். இரவு எட்டு மணிக்கு, கண்டுபிடித்தவர்களில் ஒருவர் எப்படி யோசித்தார் என்று வாய்ஸ் மெசேஜில் சொல்லட்டும். எங்கே தடுக்கி விழுந்தார், எதை விட்டுவிட்டு எதைப் பிடித்தார் என்பதெல்லாம் அதில் வரும். விடையை விட அதுதான் கேட்க நன்றாக இருக்கும், அதை எங்கிருந்தும் எடுத்து ஒட்டவும் முடியாது. அந்த நண்பரைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள். ஒரு வாரம் புதிர் போடும் வேலையை அவரிடமே கொடுங்கள். வெறும் ஆர்வக் கோளாறாகக்கூட இருக்கலாம்.

இன்னொன்று, எங்கோ கிடைப்பதை எடுத்துப் போடாமல் உங்கள் ஊரை வைத்து நீங்களே ஒன்று செய்யுங்கள். எங்கள் கூட்டத்தில் உருவானது இது: மாலை நேரம், கடற்கரைச் சாலையில் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. நாலு சக்கர வண்டி ஒன்று வருகிறது, ஓட்டுகிறவர் வண்டிக்குள் இல்லை, உள்ளே இருப்பவருக்கு லைசென்ஸ் எடுக்கும் வயதே இல்லை, காவலர் சிரித்துக்கொண்டே வழி விடுகிறார். எப்படி? குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி. சின்ன விஷயம்தான், ஆனால் அந்தச் சாலையில் தினமும் நடப்பவருக்கு அது தன் சொந்தப் புதிர் மாதிரி இருக்கும்.

அப்புறம், "99 சதவீதம் பேர் தவறாகச் சொல்வார்கள்" என்று வாழைப்பழம், தேங்காய்ப் படம் போட்டு வருமே, அதைத் தயவுசெய்து போடாதீர்கள். கடைசி வரியில் சீப்பில் ஒரு பழத்தைக் குறைத்து வைத்திருப்பார்கள், அதை நாம் பார்க்கவில்லை என்பதுதான் மொத்தப் புதிரும். அதில் யோசிக்க எதுவும் இல்லை.

*

கேள்வி: என் மாமியார் அருமையாக விடுகதை போடுவார். "சுத்திச் சுத்தி வருவா, வாயில போட்டதை இடுப்புல துப்புவா, அது யாரு?" என்று ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகளிடம் கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. விடை திரிகை என்று சொன்னதும் "திரிகைன்னா என்ன பாட்டி?" என்றாள். மாமியார் முகம் வாடிவிட்டது. இந்தக் காலப் பிள்ளைகளுக்கு விடுகதை ஒத்துவராதா?
(நெல்லிக்குப்பம் வாசகி)

நன்றாக ஒத்துவரும். அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் போட்ட விடுகதையில் குறையே இல்லை. மேலே குழியில் தானியத்தைப் போட்டுச் சுற்றினால் இரண்டு கல்லுக்கும் நடுவிலிருந்து மாவு வெளியே வருவதை, வாயில் போட்டதை இடுப்பில் துப்புகிறாள் என்று சொல்வதற்கு எவ்வளவு கூர்மையான கண் வேண்டும்! ஆனால் பொருளைப் பார்க்காத பிள்ளைக்கு அது பூட்டு மட்டும்தான், சாவி கிடையாது.

விடுகதைக்கு நம்மிடம் இருக்கும் பழைய பெயர் பிசி. தொல்காப்பியம் செய்யுளியலில் பிசியை இரண்டு வகையாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறது. ஒன்று, ஒரு பொருளை இன்னொன்றுக்கு ஒப்பிட்டு மறைப்பது. இன்னொன்று, ஒப்பீடு இல்லாமல் அந்தப் பொருளிடம் உள்ளதையே சொல்லிக் கண்டுபிடிக்க வைப்பது. முதல் வகைக்குப் பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் காட்டும் உதாரணம் "பிறை கவ்வி மலை நடக்கும்". விடை யானை. வெள்ளையாக வளைந்த தந்தம் பிறை, உடம்பு மலை. நாலே சொல்லில் முழு யானையும் நடந்து வந்துவிடுகிறது! இதை உங்கள் மகளிடம் இன்றைக்கே கேளுங்கள். யானையை அவள் பார்த்திருப்பாள், பிறையையும் பார்த்திருப்பாள், அதனால் எத்தனையோ நூற்றாண்டு கழித்தும் இது அவளுக்குத் திறக்கும்.

அதனால் இரண்டு வேலை செய்யலாம். எங்காவது சொந்தக்காரர் வீட்டுத் தோட்டத்தில் திரிகை கிடந்தால் கொண்டுபோய்க் காட்டி, ஒரு பிடி உளுந்தைப் போட்டு அவளையே சுற்றவிடுங்கள். இரண்டாவது வேலை இன்னும் நல்லது. பாட்டியும் பேத்தியும் சேர்ந்து இப்போது வீட்டில் இருக்கும் பொருளுக்கு விடுகதை கட்டட்டும். எங்கள் வீட்டில் கட்டிய சிலவற்றைச் சொல்கிறேன். "அடுப்படி மூலையில் நிற்கிற சிவப்புச் சட்டைக்காரன், வேலை செய்யச் செய்ய எடை குறைகிறான், இடுப்பு மட்டும் குறையவே இல்லை." கேஸ் சிலிண்டர். "பிள்ளையை வயிற்றில் வைக்காமல் காலடியில் தொங்கவிட்ட தாய்." முந்திரிப் பழம். நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு இது சட்டென்று வரும், கொட்டை வெளியே தொங்குவதைப் பார்க்காத ஊரில் திணறுவார்கள். "கதவில்லாத வீட்டில் சிவப்புச் சட்டை போட்ட இரண்டு பேர், வீட்டை உடைத்தால்தான் வெளியே வருவார்கள்." மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. இதற்கு விடை சொன்ன கையோடு என் பேரன் "அதுக்கு ஏன் தாத்தா மல்லாட்டைன்னு பேரு?" என்று கேட்டான். மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை என்று பெயர் தேய்ந்து வந்த கதையை, பிலிப்பைன்ஸில் இருக்கும் மணிலாவை வரைபடத்தில் காட்டிச் சொன்னேன். ஒரு விடுகதை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள்.

*

கேள்வி: மூன்று நண்பர்கள் புதுச்சேரியில் ஒரு அறை எடுத்து ஆளுக்கு 1000 ரூபாய் கொடுக்கிறார்கள். வாடகை 2500தான் என்று மேனேஜர் 500 ரூபாயைப் பையனிடம் கொடுத்துத் திருப்பி அனுப்புகிறார். பையன் ஆளுக்கு 100 கொடுத்துவிட்டு 200ஐ வைத்துக்கொள்கிறான். ஆளுக்கு 900 வீதம் 2700, பையனிடம் 200, மொத்தம் 2900. மீதி 100 எங்கே? என் மைத்துனர் ஒரு மாதமாக இதைக் கேட்டு உயிரை எடுக்கிறார்.
(வில்லியனூர் வாசகர்)

100 ரூபாய் எங்கும் போகவில்லை. நண்பர்கள் கையிலிருந்து போனது 2700, அந்த 2700க்குள்ளேயேதான் மேனேஜரின் 2500ம் பையனின் 200ம் இருக்கின்றன. 2700இலிருந்து 200ஐக் கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டச் சொல்வதுதான் தந்திரம். பேப்பரில் எழுதிக் காட்டாதீர்கள், நம்ப மாட்டார். மூன்று பேரை உட்கார வைத்து நிஜ நோட்டைக் கைமாற்றிக் காட்டுங்கள், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

*

கேள்வி: நானும் என் நெருங்கிய நண்பனும் ஒரு புதிரால் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. மூன்று பெட்டி, ஒன்றில் மட்டும் பரிசு. நான் ஒன்றைத் தொடுகிறேன். நடத்துபவர் மீதி இரண்டில் காலியான ஒன்றைத் திறந்து காட்டி, "வேண்டுமானால் மாற்றிக்கொள்" என்கிறார். மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பாதிக்குப் பாதிதான் என்பது என் கட்சி. மாற்றினால்தான் லாபம் என்கிறான் அவன். யார் சரி?
(நெய்வேலி வாசகர்)

உங்கள் நண்பர்தான் சரி. முதலில் போன் போட்டு அவரிடம் பேசுங்கள், அப்புறம் மீதியைப் படியுங்கள்.

இந்தப் புதிரில் தோற்பது ஒன்றும் அவமானமில்லை. அமெரிக்காவில் மரிலின் வாஸ் சாவந்த் என்ற பெண்மணி ஒரு வாரப் பத்திரிகையில் இதே மாதிரி வாசகர் கேள்வி பதில் பகுதி எழுதிவந்தார். 1990இல் இந்தக் கேள்வி அவருக்கு வந்தது, மாற்றுவதே நல்லது என்று பதில் எழுதினார். சுமார் 10,000 கடிதங்கள் வந்து குவிந்தன, பெரும்பாலானவை "நீங்கள் சொல்வது தவறு" என்று. எழுதியவர்களில் ஏறக்குறைய 1000 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள், கணிதம் படித்தவர்களும் அதில் உண்டு. பால் எர்டிஷ் என்ற மாபெரும் ஹங்கேரிக் கணித மேதையே முதலில் ஒப்புக்கொள்ளவில்லை, கணினியில் ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஏற்றுக்கொண்டார். அந்தப் பெண்மணி சொன்னதுதான் சரி.

காரணம் இதுதான். நீங்கள் முதலில் தொட்ட பெட்டியில் பரிசு இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. மீதி இரண்டில் ஏதோ ஒன்றில் இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. நடத்துபவருக்குப் பரிசு எங்கே என்று தெரியும், அவர் வேண்டுமென்றேதான் காலியானதைத் திறக்கிறார். அதனால் அந்த மூன்றில் இரண்டு பங்கும் அப்படியே திறக்காத இன்னொரு பெட்டிக்குப் போய்ச் சேருகிறது. மூன்றுக்குப் பதில் 100 பெட்டி என்று வைத்துப் பாருங்கள். நீங்கள் ஒன்றைத் தொட்டீர்கள், அவர் 98 காலிப் பெட்டிகளைத் திறந்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டு வைத்திருக்கிறார். மாற்ற மாட்டீர்களா?

ஆனால் உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. நடத்துபவருக்கே பரிசு எங்கே என்று தெரியாமல், குருட்டாம்போக்கில் ஒன்றைத் திறந்து அது காலியாக இருந்தது என்றால் நீங்கள் சொல்வது போல் பாதிக்குப் பாதிதான். பல வீடுகளில் சண்டை வருவதற்குக் காரணமே, கேள்வியில் இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லாமல் விடுவதுதான்.

எவர்சில்வர் டம்ளர் மூன்றும் ஒரு புளியங்கொட்டையும் போதும். நண்பரைக் கூப்பிட்டு 30 முறை விளையாடுங்கள், ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். எங்கள் வீட்டில் செய்தபோது 30க்கு 21 முறை கொட்டை கிடைத்தது.

*

கேள்வி: நான் கல்லூரி முதலாண்டு மாணவி. எங்கள் தோழிகள் கூட்டத்தில் யாராவது புதிர் போட்டால் எல்லாரும் டக்கென்று சொல்லிவிடுகிறார்கள், நான்தான் கடைசி. என் மூளை மந்தமோ என்று பயமாக இருக்கிறது.
(முத்தியால்பேட்டை வாசகி)

இல்லம்மா. உன் கடிதத்தைப் படித்ததும் இதற்காகவே ஒரு புதிரை எடுத்து வைத்தேன். இரவு, உப்பனாற்றின் மேல் ஒரு மரப்பாலம் இருப்பதாக வைத்துக்கொள். நாலு பேர் கடக்க வேண்டும், கையில் ஒரே டார்ச். ஒரு நேரத்தில் இரண்டு பேர்தான் போகலாம், டார்ச் இல்லாமல் போக முடியாது. கடக்க ஒருவருக்கு 1 நிமிடம், அடுத்தவருக்கு 2, பாட்டிக்கு 5, தாத்தாவுக்கு 10. இரண்டு பேர் சேர்ந்து போனால் மெதுவானவர் வேகம்தான். குறைந்தது எத்தனை நிமிடம்?

டக்கென்று சொல்கிறவர்கள் எல்லாரும் 19 என்பார்கள். வேகமானவரே ஒவ்வொருவரையும் கூட்டிப்போய் விட்டுவிட்டுத் திரும்பி வருவது, 2, 1, 5, 1, 10, மொத்தம் 19. மறுக்க முடியாத மாதிரித்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் நின்று, பாட்டியையும் தாத்தாவையும் ஒன்றாக அனுப்பினால் அந்த 5 நிமிடம் 10க்குள் மறைந்துவிடுமே என்று யோசிப்பவருக்கு 17 கிடைக்கும். முதலில் 1ம் 2ம் போவார்கள், 1 திரும்புவார், பாட்டியும் தாத்தாவும் போவார்கள், அந்தப் பக்கம் காத்திருக்கும் 2 டார்ச்சோடு திரும்புவார், கடைசியில் 1ம் 2ம் மறுபடி போவார்கள். 2, 1, 10, 2, 2. கூட்டிப் பார்.

ராமானுஜன் கதையையும் கேள். 1914ஆம் ஆண்டு, கேம்பிரிட்ஜ். ஒரு நாள் அவர் அறையில் அடுப்பில் காய்கறியைக் கிளறிக்கொண்டிருக்கிறார், நண்பர் மகலனோபிஸ் லண்டனின் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் வந்த ஒரு புதிரை வாசித்துக் காட்டுகிறார். ஒரு நீளமான தெருவில் வீடுகளுக்கு 1, 2, 3 என்று எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50க்கு மேல், 500க்குள். அந்த வீட்டின் எண் என்ன? மகலனோபிஸ் போட்டுப் போட்டுப் பார்த்துச் சில நிமிடங்களில் விடை கண்டிருந்தார்: 288 வீட்டில் 204ஆவது வீடு. ராமானுஜன் கிளறிக்கொண்டே ஒரு தொடர் பின்னத்தை, அதாவது பின்னத்துக்குள் பின்னமாக நீண்டுகொண்டே போகும் ஒன்றைச் சொல்கிறார், அதில் இந்த விடை மட்டுமில்லாமல் தெரு எவ்வளவு நீளமானாலும் பொருந்தும் எல்லா விடைகளும் அடங்கியிருந்தன. மகலனோபிஸ் அசந்துபோய், எப்படி வந்தது என்று கேட்டார். எனக்கு இந்தக் கதையில் ராமானுஜனை விட மகலனோபிஸைத்தான் அதிகம் பிடிக்கும். தன் விடை சரி என்று அத்தோடு நிற்காமல் எப்படி என்று கேட்டாரே, அவர் கேட்டதால்தான் நமக்கு இது தெரியவே வந்தது. பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தையே நிறுவியவர் அவர்.

நீ சின்னத் தெருவிலிருந்து தொடங்கு. 8 வீடு, 6ஆவது வீடு: 1 முதல் 5 வரை கூட்டினால் 15, 7ம் 8ம் 15. இதற்கு அடுத்த தெரு எத்தனை வீடு? ஒரு பேனா, ஒரு பேப்பர், அவசரமே இல்லை. எனக்கு ஒரு முழு மாலை ஆனது. 49 வீடு, 35ஆவது என்று வந்தால் நீ சரியான வழியில் இருக்கிறாய்.

*

கேள்வி: பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை என்று சொல்லலாம் என்கிறார்களே, நிஜமா?
(பண்ருட்டி வாசகர்)

பண்ருட்டியிலிருந்து இந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் இதற்கு ஒரு வெண்பா இருக்கிறது. காம்புக்குப் பக்கத்தில் உள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கை வரும் என்கிறது. 50 முள் என்றால் 60 சுளை. நான் இரண்டு பழத்தில் எண்ணிப் பார்த்தேன், ஒன்றில் கிட்டத்தட்ட ஒத்து வந்தது, இன்னொன்றில் வெகுதூரம் தள்ளிப்போனது. பலாப்பழம் என்பது பல பூக்கள் சேர்ந்து ஒரே பழமாக ஆனது, ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி, அதில் மகரந்தம் சேர்ந்த பூ மட்டும்தான் சுளையாகும், சேராதது நார் மாதிரி உள்ளே நின்றுவிடும். அதனால் எல்லாப் பழத்துக்கும் ஒரே கணக்கு பொருந்துவது கஷ்டம். ஆனால் உங்கள் ஊரில் சீசனில் பழத்துக்குப் பஞ்சமில்லையே, நண்பர்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு எண்ணைச் சொல்லவிட்டு, அப்புறம் அறுத்து எண்ணுங்கள். இருபது பழம் பார்த்தபின் எனக்கு எழுதுங்கள், அதை அப்படியே இங்கே போடுகிறேன்.

*

கேள்வி: என் அப்பாவுக்கு 78 வயது. தேவனாம்பட்டினம் கடற்கரையில் நண்பர்களோடு உட்கார்ந்து விடுகதையாகப் போட்டுத் தள்ளுவார். இப்போது ஞாபகம் குறைந்துவிட்டது. விடுகதையைத் தொடங்கிவிட்டு விடையை மறந்துபோய் விழிக்கிறார். பேரப்பிள்ளைகள் சிரித்துவிடுகிறார்கள். அவரைக் கேட்காமலே விட்டுவிடுவதா?
(கடலூர் முதுநகர் வாசகி)

கேட்பதை நிறுத்த வேண்டாம். கேட்கும் விதத்தை மட்டும் மாற்றுங்கள். "விடை என்ன, சொல்லுங்க பார்க்கலாம்" என்று பரீட்சை வைக்காமல், அவர் விடுகதையைத் தொடங்கட்டும், விடையைச் சொல்வது பிள்ளைகள் வேலை. விடுகதையில் எப்போதும் அப்படித்தானே, போட்டவர் சும்மா இருக்க, கேட்டவர்தான் சொல்ல வேண்டும். அவர் மறந்திருப்பது பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. சிரிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு நோட்டு வாங்கி, அவர் சொல்லச் சொல்ல அவர் சொல்லும் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள், பாதியில் நின்றால் பாதியையே எழுதட்டும். மீதி அவருடைய நண்பர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். ஒரு மாலை நோட்டோடு அவரையும் கூட்டிக்கொண்டு அதே தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சுக்குப் போங்கள், அவர்கள் வழக்கமாக உட்காரும் இடம் உங்களுக்குத் தெரிந்திருக்குமே.